முழங்கையை அளந்த பிறகுதான் மேஜை

"நல்ல நாற்காலியா ஒண்ணு சொல்லுங்கண்ணா." கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் புதிதாக ஆபீஸ் போடுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். உங்கள் மேஜை எத்தனை இன்ச் உயரம் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. இடுப்பு வலித்தால் நாற்காலியைத் திட்டுவார்கள், கழுத்து வலித்தால் தலையணையை மாற்றுவார்கள். மேஜை மட்டும் எப்போதும் தப்பித்துக்கொள்ளும்.

கடையில் வாங்கும் ஸ்டீல் மேஜை, ஆசாரி அடித்துத் தரும் பிளைவுட் மேஜை, வீட்டுச் சாப்பாட்டு மேஜை எல்லாமே ஏறத்தாழ 30 இன்ச் உயரம்தான். பேனா பிடித்து எழுத அது சரி. எழுதும்போது முன்னால் குனிந்து முழங்கையை மேஜைமேல் ஊன்றிக்கொள்கிறோம், தோளுக்குப் பாரம் இல்லை. கீபோர்டில் அப்படி ஊன்ற முடியாது. கை தோளிலிருந்து தொங்க வேண்டும், முழங்கை மடங்கும் இடத்திலேயே விரல் இருக்க வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: அங்கே மெஷின் வைத்த மேஜை குட்டையாக இருக்கும். எழுதுகிற மேஜையைவிட மூன்று நான்கு இன்ச் தாழ்வு. கம்ப்யூட்டர் வந்தபோது அந்தக் குட்டை மேஜையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, எழுதுகிற மேஜைமேல் கீபோர்டைத் தூக்கி வைத்தோம். தோள் வலி அன்றைக்கு ஆரம்பித்தது.

கணக்கு எளிதுதான். செருப்போடு உட்கார்ந்தால் தரையிலிருந்து முழங்கை வரை 5 அடி 3 இன்ச் ஆளுக்குச் சுமார் 25 இன்ச் வரும். 5 அடி 6-க்கு ஏறத்தாழ 27, 5 அடி 9-க்கு 28. 30 இன்ச் மேஜை, அதன்மேல் ஒரு இன்ச் கீபோர்டு என்றால் விரல் நிற்பது 31 இன்ச்சில். ஆறடி ஆளுக்கே அது உயரம். மற்றவர்கள் எல்லாரும் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். தூக்கியிருப்பது அவர்களுக்கே தெரிவதில்லை, சாயங்காலம் வலிக்கும்போதுதான் தெரிகிறது.

கிருஷ்ணகிரி பக்கத்து மாம்பழக் கூழ் ஆலைகளின் கணக்கு அறையைச் சீசன் நேரத்தில் எட்டிப் பார்த்தால் இது கண்கூடு. தோத்தாபுரி வரத்து இருக்கும் நாட்களில் எடைமேடைச் சீட்டு கட்டுக்கட்டாக வந்து விழும், என்ட்ரி போடுகிறவர் பத்து மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிடம் பாருங்கள். தோள் காதை நோக்கி ஏறியிருக்கும். கால் தரைக்கு எட்டாததால் நாற்காலியின் ஐந்து கால் ஸ்டாரில் பாதத்தை மாட்டியிருப்பார். முழங்கைக்குக் கீழே மேஜை விளிம்பு அழுத்திய சிவப்புக் கோடு. வலது கை மவுஸுக்காக ஒரு முழம் தள்ளிப் போயிருக்கும். முதுகு சாய்மானத்தைத் தொடவே தொடாது. பத்தாயிரம் ரூபாய் நாற்காலி போட்டாலும் அந்தச் சாய்மானம் சும்மாதான் இருக்கும்.

அளப்பதற்கு இன்னொரு ஆள் வேண்டும், தச்சு டேப் வேண்டும். மெத்தை நாற்காலியில் அளக்காதீர்கள், உட்கார்ந்தால் ஒரு இன்ச் அமுங்கும். மரப்பலகை ஸ்டூல் அல்லது பெஞ்ச் நல்லது. பாதம் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஸ்டூல் உயரமாக இருந்தால் காலுக்கடியில் நோட்டுக்கட்டு வைத்து, அந்தக் கட்டின் மேல்பக்கத்திலிருந்து டேப் பிடியுங்கள்.

"அக்கா, செருப்பைக் கழட்டாதீங்க. வேலை செய்யறப்போ எப்படி இருப்பீங்களோ அப்படியே உக்காருங்க."

"வேலை செய்யறப்போ கழட்டித்தான் வெச்சிருப்பேன்."

"அப்போ கழட்டிடுங்க."

செருப்பால் வரும் இந்த முக்கால் இன்ச் வித்தியாசம் முக்கியம். தோளைத் தளர்த்தி, கையைத் தொங்கவிட்டு, முழங்கையை நேர்கோணமாக மடக்கச் சொல்லுங்கள். "டைப் அடிக்கிற மாதிரி பிடிங்க" என்று சொன்னால் பழக்கத்தில் உடனே தோளைத் தூக்குவார். அதனால் ஒரு பெருமூச்சு விடச் சொல்லி, மூச்சு இறங்கிய பிறகு அளக்க வேண்டும். முழங்கையின் அடிப்பாகத்திலிருந்து தரை வரை வரும் அளவில் ஒரு இன்ச் கழித்தால் அதுதான் அவருடைய மேஜை உயரம்.

5 அடி 1 இன்ச் உயரம், வெறுங்கால் என்றால் முழங்கை 24 இன்ச்சுக்குள் வரும். மேஜை 23 இன்ச்சா? அங்கேதான் அடுத்த சிக்கல். அந்த மேஜையில் உட்காருகிற எல்லாருடைய தொடைக்கும் இடம் வேண்டும். மேஜைப் பலகை ஒரு இன்ச், அதன்கீழ் ஃப்ரேம் பைப் ஒரு இன்ச், தொடையின் கனம் ஐந்து இன்ச்சுக்கு மேல். 23 இன்ச்சில் மேஜை போட்டால் அவரைவிட உயரமானவர் யாரும் அதில் உட்கார முடியாது, முட்டி இடிக்கும். ஆகவே மேஜையை 26 இன்ச்சில் நிறுத்தி, நாற்காலியை 3 இன்ச் ஏற்றி, காலுக்கடியில் 3 இன்ச் பலகை போடுவது. அப்போது எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துவரும். குள்ளமானவர்களுக்கு ஏறத்தாழ எப்போதும் இந்தக் கலவைதான் தீர்வு. மேஜையை மட்டும் குறைப்பதோ நாற்காலியை மட்டும் ஏற்றுவதோ பாதிக் கிணறு தாண்டுகிற கதை.

நாற்காலியை மட்டும் ஏற்றினால் ஏன் போதாது? ஹைட்ராலிக் நாற்காலிகள் பெரும்பாலும் 20, 20½ இன்ச்சுக்கு மேல் ஏறாது. 30 இன்ச் மேஜைக்கு 5 அடி 3 ஆளின் இருக்கை 22 இன்ச்சைத் தாண்ட வேண்டும். அவ்வளவு ஏறினாலும் கால் அந்தரத்தில் தொங்கும். தொடையின் அடிப்பக்கம் இருக்கை விளிம்பில் அழுந்திக் கால் மரத்துப்போகும், சாயங்காலம் பாதம் வீங்கும். கால் ஊன்றப் பலகை இல்லாமல் நாற்காலியை ஏற்றவே கூடாது.

மர மேஜையோ பைப் மேஜையோ சொந்தமென்றால் காலை வெட்டிவிடுவதுதான் சுத்தமான வேலை. மேஜையைச் சாக்கின் மேல் கவிழ்த்துப் போட்டு, பலகையின் அடிப்பக்கத்திலிருந்து நான்கு கால்களுக்கும் ஒரே அளவு குறியுங்கள். தரையிலிருந்து அளந்து குறித்தால் தரையின் மேடு பள்ளம் காலுக்கு வந்துவிடும், மேஜை ஆடும். வேண்டியதைவிட அரை இன்ச் குறைவாகவே முதலில் வெட்டுங்கள். ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்த பிறகு மீதி. வெட்டினது ஒட்டாது. பைப் மேஜையை வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போகுமுன் கீழ்க் குறுக்குப் பைப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது தரையிலிருந்து 5 இன்ச்சில் இருந்து, நாம் 4 இன்ச் வெட்டினால், பைப் தரையை ஒட்டி நிற்கும், துடைப்பம்கூட நுழையாது. அதை அறுத்து மேலே ஏற்றி வெல்டு வைக்கச் சொல்ல வேண்டும். வெட்டிய வாயில் துருப் பிடிக்காமல் ரெட் ஆக்சைடு அடித்து, கால் நுனியில் இருந்த பழைய புஷ்ஷுக்குப் பதில் திருகி ஏற்றி இறக்கும் புஷ் போட்டால் தரை எப்படி இருந்தாலும் மேஜை ஆடாது. நடு டிராயர் இருந்தால் கழற்றிவிடுங்கள். நான்கு இன்ச் டிராயரும் தொடையும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும், தொடைதான் தோற்கும்.

வாடகைக் கட்டிடம், ஆபீஸ் மேஜை, வெட்டக்கூடாது என்றால் கீழே இழுக்கும் கீபோர்டு தட்டு. இதில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்றுதான், ஆனால் எல்லா இடத்திலும் நடக்கிறது: ரெடிமேட் தட்டு 20 இன்ச் அகலம்தான் இருக்கும், கீபோர்டே பதினேழரை இன்ச்சைச் சாப்பிட்டுவிடும். மவுஸ் மேலே 30 இன்ச் மேஜையிலேயே தங்கிவிடும். இடது தோள் தப்பிக்கும், வலது தோள் வலிக்கும். தட்டை 28 இன்ச் அகலம், 12 இன்ச் ஆழம் என்று ஆசாரியிடம் சொல்லிச் செய்யுங்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட். 12 மில்லிமீட்டர் போட்டால் நடுவில் தொய்ந்து, டைப் அடிக்கும்போது குதிக்கும். டிராயர் சேனலில் மாட்டினால் தட்டின் மேல்பரப்பு மேஜையின் மேல்பரப்பிலிருந்து 4 இன்ச் கீழே. மேஜைப் பலகை மரத்தூள் போர்டு என்றால் ஸ்க்ரூ நாலு மாதத்தில் பிடுங்கிக்கொண்டு வரும். போல்ட்டை மேலிருந்து கீழாகத் துளைத்து நட் போட்டு இறுக்க வேண்டும்.

கால் பலகைக்குச் செலவே வேண்டாம். 4 இன்ச் சாலிட் பிளாக் 16-க்கு 8 இன்ச் வரும். இரண்டை ஒட்டிப் போட்டால் இரண்டு பாதத்துக்கும் இடம், மேலே ஒரு பழைய மிதியடி. டைல்ஸில் நழுவினால் கீழே ரப்பர் ஷீட் துண்டு. சாய்வாக வேண்டுமென்றால் மரப்பலகை 18 இன்ச் அகலம், 14 இன்ச் ஆழம், முன்பக்கம் 3 இன்ச், பின்பக்கம் 5. ஒற்றைச் செங்கல் வேண்டாம். குதிகால் மட்டும்தான் நிற்கும், பத்து நிமிடத்தில் உதைத்துத் தள்ளிவிடுவீர்கள்.

இப்போது நாற்காலி. சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் மேஜை சரியானால் சாதாரண நாற்காலியே பாதி வேலையைச் செய்துவிடும். முதுகு சாய்மானத்தில் ஒட்டி உட்கார்ந்தால் இருக்கை விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இருக்கை ஆழம் அதிகம், பெண்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து ஆழத்தைக் குறைத்துக்கொள்ளலாம். சாய்மானத்தின் புடைப்பு பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே பட வேண்டும். முதுகு நடுவில் பட்டால் அது தள்ளிவிடும், தாங்காது. பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது என்றால் ஈரோட்டுத் துண்டு ஒன்றை இறுக்கச் சுருட்டி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, இடுப்பு உயரத்தில் கட்டிவிடுங்கள். கைப்பிடி மேஜை விளிம்பில் இடித்து நாற்காலியை உள்ளே விடவில்லை என்றால் கைப்பிடியைக் கழற்றி எறியுங்கள். கௌரவம் போனாலும் தோள் தப்பிக்கும்.

விட்ரிஃபைடு டைல்ஸில் நைலான் வீல் வழுக்கிக்கொண்டே போகும், உட்கார்ந்திருப்பவர் காலால் பிடித்துக்கொண்டே இருப்பார். ரப்பர் மாதிரி மெத்தென்ற பி.யு. வீல் தனியாகக் கிடைக்கிறது, இழுத்தால் கழன்று தள்ளினால் மாட்டும். ஹைட்ராலிக் இறங்கிக்கொண்டே போகும் பழைய நாற்காலிக்குச் சிலிண்டர் மாற்றும் வரை ஒரு வைத்தியம்: ஒன்றரை இன்ச் பி.வி.சி. பைப்பைத் தேவையான நீளத்துக்கு அறுத்து, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு விரித்து, நாற்காலியை ஏற்றி வைத்துக்கொண்டு வெளியே தெரியும் மெல்லிய கம்பியின் மேல் மாட்டுங்கள். இருக்கை அந்த இடத்திலேயே நிற்கும். மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையை முதலில் தூக்கிவிட மறக்காதீர்கள்.

ஸ்கிரீன் உயரம் கண்ணைப் பொறுத்தது. நேராகப் பார்த்தால் மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது இரண்டு விரல் கீழே. கையை நீட்டினால் விரல் நுனி ஸ்கிரீனைத் தொடும் தூரம். பைஃபோகல், புரொகிரசிவ் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் கீழ்ப்பாதிக் கண்ணாடி வழியாகப் படிப்பவர்கள், மானிட்டர் உயர்ந்தால் தாடையைத் தூக்கி அண்ணாந்து பார்ப்பார்கள். பின்கழுத்து வலியோடு வரும் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர்களிடம் முதலில் கண்ணாடியைப் பாருங்கள். மானிட்டரை ஸ்டாண்டிலிருந்து முடிந்தவரை தாழ்த்துங்கள், அல்லது கம்ப்யூட்டர் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். எழுத்து சின்னதாக இருப்பதால் முன்னால் குனிகிறவர்களுக்கு விண்டோஸில் அளவை 125 சதவீதம் வைத்தால் நாற்காலி மாற்றாமலே முதுகு நிமிரும்.

ஓசூரில் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருகிறவர்கள், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு லேப்டாப்தான் வில்லன். ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை: ஸ்கிரீனைக் கண்ணுக்கு ஏற்றினால் கை தூக்கும், கையை இறக்கினால் தலை தொங்கும். தனி கீபோர்டு, தனி மவுஸ் இல்லாமல் இதற்குத் தீர்வே கிடையாது. ஸ்டாண்டுக்கு ஏ4 பேப்பர் கட்டு போதும். 500 தாள் கட்டு ஒன்று 2 இன்ச், மூன்று அடுக்கினால் பெரும்பாலும் சரியாக வரும். அடியில் காற்றுத் துளையை மூடாதபடி வையுங்கள். கட்டிலில் சுவரில் சாய்ந்து மடியில் வைத்து வேலை செய்வது அரை மணி நேரத்துக்குச் சுகம். முழு ஷிப்டுக்கு அதைவிட மோசமான ஆசனம் இல்லை.

கீபோர்டின் பின்னால் இருக்கும் இரண்டு குட்டிக் கால்களை மடக்கிவிடுங்கள். அதை நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடியும். எழுத்தைப் பார்க்கச் சௌகரியம் என்பதைத் தவிர அதில் லாபம் இல்லை. டேலி என்ற கணக்கு மென்பொருளில் எண் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. வலது ஓரத்து எண் பட்டன்கள் மவுஸை வெகுதூரம் தள்ளிவிடுகின்றன. வலது கையில் எண், இடது கையில் மவுஸ் என்று பழகிவிட்டால் கை நீட்டும் வேலையே இல்லை. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், இரண்டாவது வாரம் மறந்துவிடும்.

பில் பார்த்து என்ட்ரி போடுகிறவர்களின் கழுத்தைக் கெடுப்பது பில் கட்டுதான். மேஜையில் இடப்பக்கம் படுக்கையாகக் கிடக்கும். குனி, திரும்பு, நிமிர், பார், அடி. மாதத்தில் 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-க்குள் 3பி என்று ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்காக ஓடும் ஆடிட்டர் ஆபீஸ்களில் இந்தத் தலையாட்டம் ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தாலும் முன்னால் சாய்வு மேசை வைத்துத்தான் பேரேடு எழுதினார்கள். அதே சாய்வைத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். 12-க்கு 14 இன்ச் பிளைவுட், பின்பக்கம் தாங்குகட்டை, கீழ் ஓரத்தில் பில் நழுவாமல் அரை இன்ச் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), மேலே ஒரு கிளிப். மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் நடுவில் நேர் எதிரே வைப்பது உத்தமம். இடமில்லை என்றால் மானிட்டரை ஒட்டி, அதே தூரத்தில், அதே உயரத்தில். அப்போது கண் மட்டும் நகரும், கழுத்து நகராது.

இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, பத்திரம் டைப் அடிக்கும் இடம் ஆகியவற்றில் கௌன்டர் 42 இன்ச் வைத்துவிட்டு, அதே பலகையில் கம்ப்யூட்டரும் வைத்து, ஆபரேட்டரைப் பார் ஸ்டூலில் ஏற்றி உட்கார வைப்பார்கள். வாடிக்கையாளர் நிற்கும் பலகை 42 இருக்கட்டும். உள்பக்கம் வேலை செய்யும் பலகை தனியாக 26, 27 இன்ச்சில் வர வேண்டும். விரல்ரேகை மெஷினும் கேமராவும் ஆபரேட்டரின் பக்கவாட்டில் இருந்தால் ஒவ்வொரு ஆளுக்கும் இடுப்பைத் திருகுவார். அவற்றை நேர் எதிரே, மேல் பலகையில் வையுங்கள், கேபிள் ஒரு மீட்டர் நீண்டால் நீளட்டும்.

கிரானைட் மேஜை பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் மேஜையைப் பற்றிப் பேச முடியாது. பட்டறையில் வெட்டு மீதித் துண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று ஆபீஸ் மேஜைக்கும் அதையே போடுகிறார்கள். தண்ணீர் பட்டால் கெடாது, சிகரெட் சூடு தாங்கும், ஆயுசுக்கும் இருக்கும், எல்லாம் உண்மை. ஆனால் 4-க்கு 2 அடி, 18 மில்லிமீட்டர் பலகை சுமார் 36 கிலோ. பிளைவுட் காலில் உட்கார வைத்தால் ஆட ஆரம்பிக்கும், இரும்பு ஃப்ரேம் கட்டாயம். பாலிஷ் போட்ட கருப்புக் கல்லில் டியூப் லைட் அப்படியே தெரியும், கண் கூசும். மவுஸ் வேறு துள்ளும். விளிம்பை அறுத்தபடி விட்டால் முன்கையில் கத்தி மாதிரி அழுத்தும். ஓசூர், தளி பக்கம் மார்கழிக் காலையில் அந்தக் கல்லில் கை வைத்தே பார்க்க முடியாது. கல்தான் வேண்டும் என்றால் பளபளக்காத லெதர் ஃபினிஷ் கேளுங்கள், முன் விளிம்பை உருட்டி ஹாஃப் ரவுண்ட் அடிக்கச் சொல்லுங்கள், கை படும் இடத்தில் 2 அடி அகலத்துக்கு ரெக்ஸின் ஷீட்டோ தடித்த ஃபெல்ட்டோ விரித்துவிடுங்கள். எங்களைக் கேட்டால் கிரானைட்டைச் சமையலறைக்கு விட்டுவிட்டு, 19 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மேட் மைக்கா ஒட்டிக்கொள்வது மேல்.

வெளிச்சத்துக்கு ஒரு சோதனை போதும். மானிட்டரை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கருப்பு ஸ்கிரீனைப் பாருங்கள். ஜன்னலோ டியூப் லைட்டோ அதில் தெரிந்தால் மேஜையைத் திருப்ப வேண்டும். ஜன்னல் பக்கவாட்டில் இருப்பதுதான் சரி. முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஸ்கிரீனில் விழும், முன்னால் இருந்தால் கண் சுருங்கும். எழுத்து வேலைக்கு மேஜைமேல் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) தேவை, போன் ஆப்பில் உத்தேசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பத்துக்குப் பத்து அறையில் ஒற்றை 20 வாட் எல்.இ.டி. டியூப் அந்த அளவைத் தொடாது. இரண்டு டியூப், கூடவே பில் படிக்கும் இடத்துக்கு ஒரு சின்ன டேபிள் விளக்கு.

தர்மபுரி வெயிலுக்கு நெட் முதுகு நாற்காலி, ஓசூர்க் குளிருக்கு எதுவானாலும் சரி. சித்திரையில் ஃபேனைத் தலைக்கு நேர் மேலே முழு வேகத்தில் ஓட விட்டு ஸ்கிரீனையே பார்த்தால் கண் உலர்ந்து மண் விழுந்தது போல உறுத்தும். ஸ்கிரீன் பார்க்கும்போது இமைப்பதே குறைந்துவிடுகிறது, காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். காற்று முகத்தில் படாமல் தோளுக்குப் பின்னால் படும்படி மேஜையை நகர்த்துங்கள். யு.பி.எஸ்., சி.பி.யு. இரண்டையும் காலடியிலிருந்து வெளியேற்றுங்கள். கால் நீட்ட இடம் போவது ஒருபுறம், அவை விடும் சூடு இன்னொரு புறம். சி.பி.யு. இரும்புப் பெட்டியில் கை வைத்தால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ரப்பர் செருப்பு போட்டுச் சமாளிக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை தனியாக. நம் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃபுளோரைடு எலும்பில் வருடக்கணக்காகச் சேர்ந்தால் முதுகும் கழுத்தும் மூட்டும் விறைத்து வலிக்கும். சின்ன வயதிலிருந்து போர்த் தண்ணீர் குடித்தவர், பல்லில் பழுப்புக் கறை, நாற்காலியில் உட்காராத ஞாயிற்றுக்கிழமையிலும் அதே விறைப்பு என்றால் மேஜையை எத்தனை முறை வெட்டினாலும் வலி போகாது. டாக்டரிடம் தண்ணீர் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே மாதிரி, ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தாலோ, இடுப்பிலிருந்து கால் வரை மின்சாரம் மாதிரி இறங்கினாலோ, கையில் பிடித்த டம்ளர் நழுவினாலோ அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அது தச்சு வேலையில் தீரும் சமாச்சாரம் அல்ல.

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும். அரை மணிக்கு ஒரு தடவை எழ வேண்டும் என்று அலாரம் வைப்பார்கள், மூன்றாம் நாள் அணைத்துவிடுவார்கள். அதைவிட தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைக்காமல் அறையின் அந்த மூலையில் வையுங்கள். பிரின்டரையும் கை எட்டாத இடத்துக்கு நகர்த்துங்கள். போன் வந்தால் எழுந்து நின்றே பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தள்ளி ஏதாவதொன்றை 20 வினாடி பார்ப்பது. ஜன்னல் வழியாக ஒரு பாறைக்குன்று தெரியாத ஆபீஸ் கிருஷ்ணகிரியில் குறைவுதான்.

கடைசியாக, ஷிப்டு மாறும் இடங்கள். ஒரே நாற்காலியில் காலையில் 5 அடி ஆள், மதியம் 5 அடி 9 ஆள். ஹைட்ராலிக் பிடியைத் தொட்டுப் பார்த்துத் தோராயமாக ஏற்றி இறக்குவதில் தினமும் இரண்டு இன்ச் பிசகும். ஒவ்வொருவருக்கும் சரியான இருக்கை உயரம் எவ்வளவோ அந்த நீளத்துக்கு ஒரு ரீப்பர் துண்டு அறுத்து, பெயர் எழுதிவிடுங்கள். வந்ததும் துண்டைத் தரையில் நிறுத்தி, இருக்கையை அதன் தலை வரை கொண்டுவந்தால் முடிந்தது. குள்ளமானவரின் துண்டோடு கால் பலகையும் சேர்த்தி. துண்டைத் தொங்கவிட மேஜையின் பக்கவாட்டில் ஒரு ஆணி அடித்துவிடுங்கள், சும்மா சாய்த்து வைத்தால் கூட்ட வருகிற அம்மா விறகென்று எடுத்துப் போய்விடுவார்.